அளவைகளின் கதை – 23: கடியில் பிறந்த பைட்

மூன்றரை அங்குல பிளாப்பியைக் கையில் பிடித்துப் பழகியவர்களுக்கு அதன் கொள்ளளவாகச் சொல்லப்பட்ட எண்ணும் நினைவிருக்கும்: 1.44 எம்பி. அந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். தட்டுக்கு இரண்டு பக்கம், பக்கத்துக்கு 80 தடம், தடத்துக்கு 18 துண்டு, துண்டுக்கு 512 பைட். பெருக்கினால் 14,74,560 பைட் வருகிறது. பத்து லட்சம் பைட் ஒரு மெகாபைட் என்று வைத்தால் இது 1.47 மெகாபைட். 1024-ஐ 1024-ஆல் பெருக்கி வரும் 10,48,576 பைட்தான் ஒரு மெகாபைட் என்றால் 1.41. அப்படியானால் 1.44 எந்தக் கணக்கு? முந்தைய தலைமுறைத் தட்டு 720 கேபி. அந்தக் கேபி 1024 பைட் கொண்டது. புதியது அதில் இரு மடங்கு, 1440 கேபி. அங்கிருந்து எம்பிக்குத் தாவும்போது மட்டும் 1024-ஐ மறந்து, 1000-ஆல் வகுத்துப் புள்ளி வைத்துவிட்டார்கள். ஆயிரத்தையும் ஆயிரத்து இருபத்து நான்கையும் பெருக்கிக் கிடைத்த இந்தக் கலப்பு மெகாபைட்டுக்கு எந்தத் தர நிர்ணயத்திலும் இடம் இல்லை. ஆனாலும் உலகம் முழுக்க அந்த எண்ணைச் சொல்லித்தான் விற்றார்கள், வாங்கினார்கள். யாரும் சிரிக்கவில்லை.

சிரிப்பதற்கென்றே உருவாக்கிய அலகுகள் கணினி உலகில் தனியாக இருக்கின்றன. பைட்டில் பாதி, பைட்டில் கால், கற்பனைக் கிலோபைட், ஒரு நூலகம், ஒரு லாரிக் காகிதம் என்று அந்தப் பட்டியல் நீளம். கணினி வரலாறு எழுதுபவர்கள் இவற்றை அடிக்குறிப்பில் தள்ளிவிட்டுப் போவதே வழக்கம். இந்த அத்தியாயம் அவற்றை நடுக்கூடத்துக்குக் கொண்டுவருகிறது. காரணம் இதுதான்: எந்த அளவையும் ஓர் உடன்பாடு, உடன்பாடு எங்கே கிழிந்திருக்கிறதோ அங்கேதான் கேலி அலகு முளைக்கிறது. கேலி அலகுகளை வரிசையாக அடுக்கினால், கணினிச் சேமிப்பின் அளவை எங்கெங்கே ஓட்டையாக இருந்தது என்ற வரைபடம் கிடைத்துவிடும்.

முதலில் பைட்டின் பிறப்பைப் பார்ப்போம். சென்ற இதழில் துளை அட்டைகளின் காலத்தில் நின்றிருந்தோம். அன்று நிரலின் அளவை எண்ணிச் சொல்ல அட்டைப் பெட்டியே போதுமானதாக இருந்தது. ஐபிஎம் அட்டைக்கு 80 நெடுவரிசை, பெட்டிக்கு 2,000 அட்டை. ஆகவே நிறைந்த ஒரு பெட்டி 1,60,000 எழுத்து. 1956-இல் ஐபிஎம் வெளியிட்ட ரேமாக் கணினியின் வட்டு அலகு, 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளில் 50 லட்சம் எழுத்துகளைத் தாங்கியது. பெட்டிக் கணக்கில் அது 31 பெட்டியும் கால் பெட்டியும். அதே 1956-இல், அதே ஐபிஎம்மில், ஸ்ட்ரெட்ச் என்ற கணினியை வடிவமைத்துக்கொண்டிருந்த வெர்னர் புக்ஹோல்ட்ஸ் பைட் என்ற சொல்லை உருவாக்கினார். பிட் என்ற சொல் அதற்கு முன்பே புழக்கத்துக்கு வந்திருந்தது. அதை ஜான் டூக்கி தந்த சொல் என்று கிளாட் ஷானன் தன் 1948-ஆம் ஆண்டுக் கட்டுரையில் குறித்திருக்கிறார். ஆங்கிலத்தில் பிட் என்றால் துணுக்கு. துணுக்குகள் சில சேர்ந்தால் ஒரு வாய். ஒரு வாய் கடிப்பதற்கு பைட். எழுதும்போது கடைசி எழுத்து விட்டுப்போய் அது மறுபடி பிட் ஆகிவிடக் கூடாதே என்று, நடுவில் ‘ஐ’ இருந்த இடத்தில் ‘ஒய்’ போட்டு எழுத்தையும் மாற்றி வைத்தார். மொக்கையான சிலேடையைத் தமிழில் கடி என்கிறோம். அந்தக் கணக்கில் கணினி உலகின் அடிப்படை அலகே பெயரிலும் கடி, பொருளிலும் கடி. அளவிலும் அது முதலில் கடியாகத்தான் இருந்தது: ஸ்ட்ரெட்சில் ஒரு பைட் 1 பிட்டிலிருந்து 8 பிட் வரை எதுவாகவும் இருக்கலாம். 1964-இல் அறிமுகமான ஐபிஎம் 360 வரிசை எட்டு பிட்டைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் பைட்டுக்கு நிலையான உடம்பு வாய்த்தது.

அதன் பின் குடும்பம் பெருகியது. பைட் ஒரு கடி என்றால் அதில் பாதியான நான்கு பிட், ஒரு கொறிப்பு, ஆங்கிலத்தில் நிபிள். இரண்டு பிட்டுக்கு ரொட்டித் துகள் என்ற பொருளில் க்ரம்ப், ருசி பார்ப்பது என்ற பொருளில் டேஸ்ட். பதினாறு பிட் ஒரு பிளேட், முப்பத்திரண்டு பிட் ஒரு டின்னர். பைட்டைப் போலவே இவற்றில் பலவற்றிலும் வேண்டுமென்றே ‘ஒய்’ சேர்த்து எழுதினார்கள். 1975-இல் ஸ்டான்ஃபோர்டில் ராஃபேல் ஃபிங்கல் தொடங்கிய ஜார்கன் கோப்பு என்ற நிரலாளர் அகராதி இவற்றையெல்லாம் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது. இரண்டு பிட்டுக்கு குவார்ட்டர் என்றும் ஒரு பெயர் அதில் உண்டு. எட்டுத் துண்டாக வெட்டக்கூடிய பழைய ஸ்பானிய வெள்ளி நாணயத்தின் ஒரு துண்டை அமெரிக்கர்கள் பிட் என்றார்கள். இரண்டு துண்டு கால் டாலர். பதினாறணா ரூபாய் போனபின்பும் நாம் இருபத்தைந்து காசை நாலணா என்று சொன்ன மாதிரி, அந்தப் பேச்சு வழக்கு அங்கே நாணயம் போனபின்பும் தங்கிவிட்டது.

இந்தக் குடும்பத்தில் பிழைத்தது யார், மறைந்தது யார் என்று பார்த்தால் ஒரு விதி புலப்படும். பிளேட்டும் டின்னரும் அகராதிக்கு வெளியே நடமாடவே இல்லை. நிபிள் மட்டும் பொறியியல் பாடப்புத்தகம் வரை போய் உட்கார்ந்துகொண்டது. ஏன்? ஹெக்ஸ் எண் முறையில் ஓர் இலக்கம் சரியாக நான்கு பிட். பத்தடிமான எண்களை இலக்கம் இலக்கமாகச் சேமிக்கும் முறையிலும் ஓர் இலக்கத்துக்கு நான்கு பிட். தினமும் கையாள வேண்டிய ஒரு பொருளுக்குப் பெயர் இல்லாமல் இருந்தது; கேலிப் பெயர் வந்து அந்த இடத்தை நிரப்பியது. பதினாறு பிட்டுக்கும் முப்பத்திரண்டு பிட்டுக்கும் ‘வேர்டு’ என்ற சொல் ஏற்கெனவே இருந்ததால் பிளேட்டுக்கு வேலை இல்லை. இன்னும் துல்லியமான சாட்சி டெக்கிள். ஐந்து பிட், ஐந்து சென்ட் நாணயத்தின் பெயரால் நிக்கிள்; இரண்டு நிக்கிள் சேர்ந்த பத்து பிட், டெக்கிள். மேட்டல் நிறுவனத்தின் இன்டெல்லிவிஷன் விளையாட்டுக் கருவியில் தற்காலிக நினைவகம் 16 பிட் அகலம். ஆனால் விளையாட்டு பதிந்திருந்த நிலை நினைவகம் 10 பிட் அகலம். அந்த விசித்திரமான கருவிக்கு நிரல் எழுதியவர்களிடையே டெக்கிள் புழங்கியது. கருவியின் காலத்தோடு அதன் காலமும் முடிந்தது. வேடிக்கை எத்தனை சுவையானது என்பது இதில் ஒன்றையும் தீர்மானிக்கவில்லை. தேவை எங்கே இருந்ததோ அங்கே பெயர் நின்றது.

இதற்கு ஒரு மறுப்பு சொல்லலாம். நிபிள் போன்றவை செல்லப் பெயர்கள். அவற்றில் விமரிசனம் எங்கே இருக்கிறது? நியாயமான கேள்வி. விமரிசனம் செய்யும் கேலியைப் பார்க்க வேண்டுமானால் டொனால்ட் க்னூத்திடம் போக வேண்டும். பின்னாளில் கணினி அறிவியலின் பெரும் ஆசானாகப் போகிற க்னூத், 19 வயதில், மேட் என்ற அமெரிக்க நகைச்சுவை இதழின் 1957 ஜூன் வெளியீட்டில் ‘பொட்ரெசிபி’ அளவை முறை என்ற ஒன்றை முன்வைத்தார். நீளத்தின் அடிப்படை அலகு, அதே மேட் இதழின் 26-ஆவது வெளியீட்டின் தடிமன். அது எவ்வளவு? 2.263348517438173216473 மில்லிமீட்டர். மலிவுத் தாளில் அச்சடித்த ஒரு பத்திரிகையின் தடிமனுக்குப் புள்ளிக்குப் பின் 21 இலக்கம்! விரலால் அழுத்தினாலே மாறிவிடும் ஒன்றை இத்தனை இலக்கத்தில் சொல்லும்போது, துல்லியமாக எழுதுவது வேறு, துல்லியமாக அளப்பது வேறு என்பது ஒரு வரி விளக்கமும் இல்லாமல் விளங்கிவிடுகிறது. பிளாப்பியின் 1.44-இல் தசமப் புள்ளிக்குப் பின் நின்ற அந்த 44-ஐ இதோடு சேர்த்துப் பார்த்தால் க்னூத் எதைக் கிண்டல் செய்தார் என்பது புரியும்.

இனி இந்தக் கதையின் பெரிய கிழிசலுக்கு வருவோம். நினைவகச் சில்லில் ஓர் இடத்தைச் சுட்ட முகவரிக் கம்பிகள் வேண்டும். பத்துக் கம்பி இருந்தால் இரண்டின் பத்தாம் அடுக்கு, அதாவது 1024 இடங்களைச் சுட்டலாம். 1024 ஆயிரத்துக்குப் பக்கம் என்பதால் பொறியாளர்கள் அதைக் கிலோ என்றார்கள். வட்டுக்கோ அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ரேமாக்கின் 50 லட்சத்திலிருந்தே அங்கே பத்தடிமானக் கணக்கு நடந்திருக்கிறது. கிலோவில் வித்தியாசம் 2.4 சதவீதம், யாருக்கும் உறுத்தாது. ஆனால் ஒவ்வொரு படியிலும் அது பெருக்கிக்கொண்டே போகும்: மெகாவில் 4.9, ஜிகாவில் 7.4, டெராவில் ஏறத்தாழ 10 சதவீதம். நம் எண்ணில் சொன்னால், விற்பவரின் டெராபைட் ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸ் எண்ணும் டெராபைட் 1,09,951 கோடி. ஆகவே ஒரு டிபி என்று வாங்கிவந்த ஹார்டு டிஸ்க்கைப் பொருத்தினால் திரையில் 931 ஜிபி என்று வருகிறது. மீதியை யார் எடுத்தார்கள் என்று வாங்கியவர் கேட்டார்; கேள்வி நீதிமன்றம் வரை போனது. அமெரிக்காவில் வெஸ்டர்ன் டிஜிட்டல் மீதான ஒரு கூட்டு வழக்கு 2006-இல், வாங்கியவர்களுக்குக் காப்புநகல் எடுக்கும் மென்பொருளை இலவசமாகத் தரும் சமரசத்தில் முடிந்தது.

இந்தச் சச்சரவின் முழு வரலாற்றையும் ஒரு சிறு அட்டவணையில் அடக்கியவர் ராண்டல் மன்ரோ. அவருடைய எக்ஸ்கேசிடி சித்திரத் தொடரில் 394-ஆவதாக 2008-இல் வந்தது அது. கிலோபைட் எத்தனை வகை என்று அதில் பட்டியல் போட்டார். ஆயிரத்துக்கும் 1024-க்கும் நடுவே சமரசமாக 1012 பைட் கொண்ட கெல்லி-பூட்டில் கிலோபைட் ஒன்று. கணினித் துறையைக் கிண்டலடித்து அகராதியே எழுதிய ஸ்டான் கெல்லி-பூட்டில், அணிகளின் எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்க வேண்டுமா ஒன்றில் தொடங்க வேண்டுமா என்ற சண்டைக்கு அரையில் தொடங்கலாம் என்று தீர்ப்புச் சொன்னவர். பெயர் பொருத்தம் அங்கிருந்து வருகிறது. 1024-க்குச் சற்றுக் குறைவாகப் பின்னத்தில் முடியும் இன்டெல் கிலோபைட் இன்னொன்று. 1994-இல் பென்டியம் சில்லின் வகுத்தல் பிழை அம்பலமாகி, இன்டெல் 47.5 கோடி டாலரை அதற்காக ஒதுக்க நேர்ந்ததை அறிந்தவர் அதைப் படித்ததும் சிரிப்பார். ஒன்பது பிட் பைட்டால் ஆன 1152 பைட் ரொட்டிக்கடைக்காரர் கிலோபைட் வேறு. நல்ல வாடிக்கையாளருக்குக் கடைக்காரர் போடும் கொசுறு அது. ஒன்பது பிட் பைட் வெறும் கற்பனையும் இல்லை, 36 பிட் கணினிகள் சிலவற்றில் அது நிஜமாகவே இருந்தது. கடைசியாக, ஆண்டுக்கு நான்கு பைட் வீதம் இளைத்துக்கொண்டே போகும் வட்டுத் தயாரிப்பாளர் கிலோபைட், அந்த ஆண்டு நிலவரப்படி 908 பைட். அட்டவணையின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு நிஜச் சம்பவமோ ஒரு நிஜப் புகாரோ நிற்கிறது.

ஆனால் கேலியைச் சாட்சியாக எடுக்கும்போது குறுக்கு விசாரணையும் வேண்டும். வட்டுத் தயாரிப்பாளர்கள் கிலோபைட்டைச் சுருக்கினார்கள் என்பது உண்மையா? மெட்ரிக் முறையில் கிலோ என்றால் ஆயிரம்தான். அந்தப் பொருளில் அவர்கள் சொன்னதே சரி, தடம் மாறியது நினைவகக்காரர்களும் இயக்குதளக்காரர்களும். எனவே 908 பைட் வரி ஒரு மோசடியைப் பதிவு செய்யவில்லை. வாங்கியவர்களின் சந்தேகத்தைப் பதிவு செய்கிறது. வரலாற்றுக்கு அதுவும் தேவைதான். எந்த அலகையும் தாங்கி நிற்பது அதன் வரையறை மட்டுமில்லை, அதன் மேல் ஜனங்கள் வைக்கும் நம்பிக்கையும்கூட. நம்பிக்கை எந்த அளவுக்குக் குலைந்திருந்தது என்பதை நீதிமன்ற ஆவணத்தைவிட இந்த ஒரு வரி தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

தர நிர்ணய அமைப்பு இதையெல்லாம் எப்போதோ தீர்த்துவிட்டதே, இன்னும் கேலி எதற்கு என்று கேட்கலாம். உண்மைதான். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998 டிசம்பரில் 1024-இன் அடுக்குகளுக்குத் தனிப் பெயர்களை ஏற்றுக்கொண்டது: கிபி, மெபி, கிபி என்று தமிழில் எழுதினால் முதலாவதும் மூன்றாவதும் ஒன்றாகவே தெரியும், ஆங்கிலத்தில் ஓரெழுத்து வேறுபாடு. பெயர்களைக் கேட்டதும் சிரித்தவர்களில் முக்கியமானவர், மறுபடியும், க்னூத். இவை வேடிக்கையாக ஒலிப்பதால் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள் என்று கருதிய அவர், 1999-இல், தன் 61-ஆவது வயதில், ‘பெரிய கிலோபைட்’ என்று சொல்லி ‘கே’ எழுத்தை இரட்டித்து எழுதலாம் என்று யோசனை சொன்னார். எழுத்து இரட்டிப்பதே இரண்டின் அடுக்கையும் பெரிய அளவையும் சேர்த்துக் காட்டிவிடும் என்பது அவர் வாதம். பத்தொன்பது வயதில் கேலியாக ஒரு தர நிர்ணயம் எழுதியவருக்கு, தர நிர்ணயம் ஒன்று கேலியாகத் தோன்றியது. அவருடைய யோசனையும் பரவவில்லை, ஆணையத்தின் பெயர்களும் தொழில்நுட்ப ஆவணங்களைத் தாண்டிக் கடைத்தெருவுக்கு வரவில்லை. ஆப்பிள் 2009-இல் தன் மேக் இயக்குதளத்தைப் பத்தடிமானக் கணக்குக்கு மாற்றிக்கொண்டது. விண்டோஸ் பழைய கணக்கிலேயே இருக்கிறது. தீர்ப்பு எழுதியாகிவிட்டது, அமலுக்கு வரவில்லை.

இதுவரை பார்த்தவை தம்மைக் கேலி என்று ஒப்புக்கொள்ளும் அலகுகள். ஒப்புக்கொள்ளாத ஒன்றும் உண்டு. ‘அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தைப் போல இத்தனை மடங்கு’ என்று பத்திரிகைகள் தகவலை அளப்பதைப் பார்த்திருப்போம். சாமானியருக்குப் புரிய வைக்கும் உத்திதானே, இதைக் கேலியோடு சேர்ப்பது நியாயமா என்பது அடுத்த மறுப்பு. கணக்கைப் பார்ப்போம். கால்டெக்கின் ராய் வில்லியம்ஸ் 1990-களில் தொகுத்த புகழ்பெற்ற பட்டியல் ஒன்றில் ஒரு மீட்டர் அலமாரிப் புத்தகம் 100 மெகாபைட், ஒரு சிறு லாரி நிறையக் காகிதம் ஒரு ஜிகாபைட், காங்கிரஸ் நூலகத்தின் அச்சு நூல்கள் 10 டெராபைட். மைக்கேல் லெஸ்க் 1997-இல் ஆராய்ந்தபோது, அப்போது எங்கும் சொல்லப்பட்டுவந்த 20 டெராபைட் என்ற எண், இரண்டு கோடிப் புத்தகம், புத்தகத்துக்கு ஒரு மெகாபைட் என்ற பெருக்கலில் வந்திருக்கும் என்று எடுத்துக்காட்டினார். படங்கள், வரைபடங்கள், திரைப்படங்கள், ஒலிப்பதிவுகள் எல்லாவற்றையும் சேர்த்து அவரே போட்ட கணக்கு 3,000 டெராபைட்டைத் தொட்டது. ஒரே நூலகம், ஒரே பெயர். 10, 20, 3,000. அதே வில்லியம்ஸ் பட்டியலில் மனிதகுலம் இதுவரை பேசிய அத்தனை சொல்லும் 5 எக்ஸாபைட் என்றிருந்தது. பேச்சை ஒலியாகவே பதிந்தால் 42 செட்டாபைட் வரும் என்று மொழியியலாளர் மார்க் லிபர்மன் 2003-இல் கணக்கிட்டுக் காட்டினார். எட்டாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம்.

புத்தகத்துக்கு ஒரு மெகாபைட் என்ற அந்தப் பெருக்கலுக்கு அடியில் இன்னொரு அனுமானமும் பதுங்கியிருக்கிறது: ஓர் எழுத்துக்கு ஒரு பைட். ஆங்கிலத்துக்கு அது சரி. ஒருங்குறியின் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் வேண்டும். ‘தமிழ்’ என்ற சொல்லில் நம் கண்ணுக்கு எழுத்து மூன்றுதான். கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடு. ஆக 15 பைட். அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் 5 பைட். அதே புத்தகம் தமிழில் இருந்தால் நூலக அலகு இன்னொரு முறை உப்பும். தன்னைக் கேலி என்று சொல்லிக்கொள்ளும் பொட்ரெசிபியை நம்பி யாரும் ஏமாறப் போவதில்லை. நூலகமும் லாரியும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்வதால்தான் அவற்றின் ரப்பர்த்தன்மை கண்ணில் படுவதில்லை.

கடைசியாக ஒரு மறுப்பு மிச்சம்: கேலி ஓட்டையைக் காட்டும், சரி, அடைக்க அது என்ன செய்தது? 2010 வாக்கில் நிகழ்ந்த ஒன்று இதற்கு விடை. வட கலிஃபோர்னியக் கொச்சையில் ‘ஹெல்லா’ என்றால் ஏகப்பட்ட என்று பொருள். ஒன்றுக்குப் பின் 27 சுழியம் போட்டால் வரும் எண்ணுக்கு அதை அதிகாரபூர்வ முன்னொட்டாக்க வேண்டும் என்று டேவிஸ் பல்கலைக்கழகத்து இயற்பியல் மாணவர் ஒருவர் கையெழுத்து இயக்கம் நடத்தினார். கூகுள் தன் கணிப்பானில் அதைச் சேர்த்தும்விட்டது. டைனோசரை நினைவூட்டும் ‘பிரான்டோபைட்’ என்ற இன்னொன்றும் உலவியது. 1991-இல் வந்த செட்டா, யோட்டாவுக்கு மேலே அதிகாரபூர்வப் பெயர் ஏதும் அப்போது இல்லை. பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் பிரவுன், இந்த உதிரிப் பெயர்கள் தாமாகவே நிலைத்துவிடுமோ என்ற கவலையும் புதிய முன்னொட்டுகளுக்கான தன் முன்மொழிவுக்கு ஒரு காரணம் என்று சொல்லியிருக்கிறார். ஹெல்லாவையே ஏற்கவும் வழியில்லை, அதன் முதல் எழுத்து ஏற்கெனவே நூறைக் குறிக்கும் ஹெக்டோவுக்குச் சொந்தம். 2022 நவம்பரில் எடை அளவைப் பொதுமாநாடு ரோனா, குவெட்டா என்ற பெயர்களை ஏற்றது. தரவு பெருகிய வேகம் அடிப்படைக் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் காலியாகக் கிடந்த நாற்காலியில் முதலில் போய் உட்கார்ந்து, அது காலி என்று ஊருக்குக் காட்டியது கேலிதான்.

1024-இன் நாற்காலி மட்டும் இன்னும் தகராறில் இருக்கிறது. இன்று ஒரு மடிக்கணினி வாங்கி ரசீதைப் பாருங்கள். ரேம் 16 ஜிபி என்று ஒரு வரி. அது 1,600 கோடி பைட் இல்லை, ஏறத்தாழ 1,718 கோடி. அடுத்த வரியில் எஸ்எஸ்டி 512 ஜிபி. அது ஏறத்தாழ 51,200 கோடி. முதல் வரியின் ஜிபியைக் கொண்டு இரண்டாம் வரியை அளந்தால் 477 ஜிபிதான் தேறும். ஒரே ரசீது, ஒரே கையெழுத்து, ஒரே இரண்டு எழுத்து, இரண்டு அளவு. மன்ரோவின் அட்டவணையில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது.

(தொடரும்)